சாஸ்தாவின் புல்

பங்குனி பிறந்தும் மொட்டைப் பொத்தைக் குன்றில் ஒருத்தியும் அரிவாளை வைக்கவில்லை.

இடுப்பு உயரத்துக்கு நின்ற தைலப்புல் நுனி பழுத்து, காற்று அடித்தால் ஓலைப்பாய் உரசுவது போலச் சத்தம் போட்டது. மழை ஓய்ந்து வெகுநாளாகிவிட்டது. வாசனை மட்டும் குறையவில்லை. குன்றிலிருந்து காற்று இறங்கும்போது கீழே பொத்தையடி ஊர் முழுக்க எலுமிச்சை மணந்தது. அந்த மணம் வரும்போதெல்லாம் தங்கபுஷ்பம் குன்றை அண்ணாந்து பார்த்தாள். மணம்தான் எண்ணெய், எண்ணெய்தான் நெருப்பு. தை, மாசியில் காட்டிலாகா வேலைக்குக் கூலியாகப் போய், தீ பரவாமலிருக்க மலையில் பயர்லைன் வெட்டியவள் அவள். காய்ந்த தைலப்புல்லில் ஒரு பீடித்துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்திருக்கிறாள். தீ எந்தப் பக்கம் வருகிறது என்று திரும்பிப் பார்க்கிறவனுக்கு ஓட நேரம் கிடைக்காது.

அறுக்க வேண்டிய புல் அது. அறுப்பதற்கென்றே நட்டது. ஆனால் இப்போது அது சாஸ்தாவின் புல்.

தங்கபுஷ்பம் பிறந்தது ஆயிரப்பேரியில். வாக்கப்பட்டது, அங்கிருந்து மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பொத்தையடிக்கு. புருஷன் புனலூர்ப் பாதையில் ஓடும் மரலாரிக்குக் கிளீனராகப் போனான். ஒரு மழைக்காலத்தில் ஆரியங்காவு வளைவில் லாரி கவிழ்ந்தது. அவன் சட்டை மட்டும் வீடு வந்தது. மகள் செண்பகவல்லி அப்போதுதான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு, எழுபதுகள் முழுக்க, தங்கபுஷ்பத்தின் தலையில் விறகுதான் இருந்தது. கருக்கலில் மலையேறி, உச்சிப்பொழுதுக்குள் சுமையோடு இறங்கி, குற்றாலத்து லாட்ஜுகளின் பின்வாசலில் போட வேண்டும். சாரல் காலத்தில் நல்ல கிராக்கி. அருவியில் மணிக்கணக்காக நின்று குளித்துவிட்டு வருகிறவன், அறைக்கு வந்ததும் வெந்நீர் கேட்பான். அது அவளுக்குக் கடைசிவரை விளங்காத வேடிக்கை. ஆனால் அந்த வேடிக்கைதான் அவள் வீட்டு உலையைக் கொதிக்க வைத்தது.

மொட்டைப் பொத்தைக்கு அந்தப் பெயர் பிறவியில் வந்ததல்ல. ஊரை ஒட்டிய குன்று என்பதால் எல்லோரும் முதலில் அங்கேதான் வெட்டினார்கள். முதலில் கிளையை வெட்டினார்கள். பிறகு மரம், பிறகு தூர், கடைசியில் வேரையும் தோண்டினார்கள். அவள் பங்கும் அதில் உண்டு. குறைவான பங்கு என்று சொல்ல முடியாது. குன்று வழுக்கையான பிறகு சாரல் தண்ணீர் நிற்க இடமில்லாமல் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. ஊர்க் கிணறு சித்திரைக்கு முன்பே வற்றியது. விறகுக்காக இன்னும் மேலே, காட்டிலாகாவின் கெடுபிடிக் காட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. ஒருமுறை கார்டிடம் பிடிபட்டு அரிவாளையும் கயிற்றையும் பறிகொடுத்து, சும்மாட்டுத் துணியை மட்டும் கையில் சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

எண்பத்து மூன்றாம் வருஷம் யாக்கூப் வந்தான். சுரண்டையில் வத்தல் கடை வைத்திருந்தவரின் மகன். அந்த வீட்டில் முதல் பி.ஏ. அண்ணன்மார் இருவரும் துபாயில் இருக்க, இவன் மட்டும் பட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து சைக்கிளில் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தான். அந்த நிறுவனம் சின்னச் சின்ன உதவித்தொகை கொடுத்தது. ஊர்க்காரர்களே கூடி, தங்கள் நிலத்தையோ குளத்தையோ எப்படிக் காப்பாற்றுவது, அதிலிருந்து எப்படிப் பிழைப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஒரே ஒரு முறைதான் பணம் வரும். அதன்பின் தன் காலில் நிற்க வேண்டும்.

பொத்தையடியில் விறகுக்காரிகள் கூடிச் சங்கம் வைத்தார்கள். பொத்தையில் குழி தோண்டி நெல்லி, புளி, வேம்பு நடுவது. மரம் காய்க்கும்வரை பிழைப்புக்கு, வரிசைகளுக்கு நடுவே தைலப்புல் வைப்பது. புல்லை அறுத்துச் செங்கோட்டைப் பக்கம் தைலம் காய்ச்சும் கொட்டகைக்கு விற்பது. அந்த வரும்படியில் கோடைக்குக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது. இதுதான் ஏற்பாடு.

எல்லாம் சரி, ஆடு?

பள்ளிக்கூட வராந்தாவில் நடந்த அந்தக் கூட்டத்துக்குப் பால்வண்ணநாதனும் வந்திருந்தார். ஊரில் பெரிய ஆட்டுமந்தை அவருடையது.

"கம்பிவேலி போட இந்தப் பணம் காணாது," என்றான் யாக்கூப். "முள்வேலி போடலாம்."

"முள்ளு ஆறு மாசத்துல அடுப்புக்குப் போயிரும் தம்பி. எங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஆவுடையம்மாள். தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி. விறகுக்குக் கூட்டாக நடந்தவள்.

"அப்போ காவலுக்கு?"

"சாஸ்தாவை வைப்போம்," என்றாள் தங்கபுஷ்பம். "சம்பளம் கேக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். பால்வண்ணநாதன்தான் அதிகமாகச் சிரித்தார்.

"என் ஆடு சாமி கும்பிடாது தாயி. இப்பவே சொல்லிட்டேன்."

சிரித்துக்கொண்டே பேசியது மறுவாரம் நடந்துவிட்டது. ஓடைக்கரையில் கிடந்த ஒரு கல்லைத் தங்கபுஷ்பமும் ஆவுடையம்மாளும் தூக்கிக்கொண்டு போய்ப் பொத்தையின் இடுப்பில் நட்டார்கள். மஞ்சள் குழைத்த மஞ்சணை தடவி, பொங்கல் வைத்து, 'இனி இந்த எல்லைக்குள் இருக்கிற புல் பூண்டு எல்லாம் சாஸ்தாவுக்கு' என்று சொல்லித் தேங்காய் உடைத்தார்கள். அது துவைகல். ஆவுடையம்மாள் அதில் எத்தனையோ சேலையை அடித்துத் துவைத்திருக்கிறாள். ஊருக்கே தெரியும்.

கார்த்திகையில் பால்வண்ணநாதனின் கிடா ஒன்று எல்லைக்குள் நுழைந்து, கல்லுக்குப் பக்கத்திலேயே வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. பாம்பாக இருக்கும். அந்தச் சரிவில் விரியன் உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் பால்வண்ணநாதன் செத்த கிடாவின் பக்கத்தில் துண்டை விரித்துப் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். மறுநாள் கல்லுக்கு மாலை போட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றினார். தையில் அவர்தான் பூசாரி. ஆடு, மாடு, விறகுக்காரன், பீடிக்காரன் ஒருவரும் எல்லைக்குள் கால் வைக்கவில்லை. கன்றுகள் துளிர்த்தன. கம்பிவேலி போட்டிருந்தால்கூட இப்படிக் காவல் காத்திருக்காது.

கல் காவல் காத்தது. ஆனால் யாரிடமிருந்து என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

மாசியில் புல் அறுக்க நாள் குறித்தபோது சங்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமிக்குன்னு தேங்காய் உடைச்சாச்சு. பிறகு எப்படி அருவாளை வைக்க?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"அது நீ துணி துவைச்ச கல்லுட்டி," என்றாள் தங்கபுஷ்பம்.

"துவைச்சேன். அப்போ அது கல்லு."

தங்கபுஷ்பத்துக்கும் அதே பயம் இருந்தது. நம்பிக்கை இல்லாதவளாக இருந்திருந்தால் காரியம் சுலபம். விடிந்ததும் போய் அறுத்துப் போட்டிருப்பாள். அந்தக் கல்லைத் தூக்கி வந்த கைகள் அவளுடையவை. அதன் முன்னால் நிற்கும்போது கூப்புகிறவையும் அவைதான். இதில் எது நிஜம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. போதாததற்கு, மகள் தலைப்பிரசவத்துக்கு வீடு வந்திருந்தாள். கடையநல்லூரில் கட்டிக்கொடுத்த பெண். வைகாசியில் பிறக்கும் என்று கணக்கு. வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கும்போது சாமி காரியத்தில் கை வைக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்?

அப்படியே விட்டிருப்பாள். பால்வண்ணநாதன் அந்தச் செய்தியைச் சொல்லாமலிருந்தால்.

"பங்குனி உத்திரத்துக்கு நம்ம சாஸ்தாவுக்கும் பொங்கல் வைக்கப் போறோம்," என்றார் அவர், தெருவில் நின்று, ஊருக்கே கேட்கும்படி. "வீரகேரளம்புதூர்லேர்ந்து வேன் வருது. கடையநல்லூர்க்காரங்க வாராங்க. அம்பது அடுப்பாவது எரியும், பாத்துக்கோ."

உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைக்காத குடும்பம் அந்தப் பக்கத்தில் இல்லை. வருகிறவர்கள் பிள்ளை குட்டிகளோடு வருவார்கள். சாமிக்கு எவ்வளவு பக்கத்தில் அடுப்பு கூட்ட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கூட்டுவார்கள். சாமியைச் சுற்றி நிற்பது முழுக்க, நுனி முதல் அடி வரை எண்ணெய் ஊறிக் காய்ந்த புல்.

தங்கபுஷ்பம் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் அவளே போய், சாமியிடம் உத்தரவு கேட்கப் பூக்கட்டிப் பார்க்கும்படி பால்வண்ணநாதனிடம் சொன்னாள். சங்கத்துப் பெண்கள் எல்லோரும் ஏறி வந்தார்கள். யாக்கூப்பும் வந்து, எல்லைக்கு வெளியே சைக்கிளைச் சாத்திக்கொண்டு நின்றான். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். வெள்ளை விழுந்தால் அறுக்கலாம். கல்லின் முன்னால் போட்டு, ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். அது எடுத்துக் கொடுத்ததைப் பால்வண்ணநாதன் பிரித்தார்.

சிவப்பு.

ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஆவுடையம்மாள் மட்டும் நின்று, தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்தாள்.

"விட்டுரு. முதல்ல செண்பகம் நல்லபடியா பெத்துப் பிழைக்கட்டும். புல்லை அதுக்குப் பிறகு பாத்துக்கிடலாம்."

அதைத் தங்கபுஷ்பம் அன்பென்றே எடுத்துக்கொண்டாள்.

யாக்கூப் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவளோடு நடந்தான். அடிவாரத்தில் நின்றான்.

"அக்கா, நான் அறுக்கட்டுமா?" என்றான் கடைசியில். "உங்க சாஸ்தாவுக்கு எங்க வீட்டு விலாசம் தெரியாதுல்லா."

அவள் சிரிக்கத்தான் பார்த்தாள்.

"வேண்டாம் தம்பி. நீ அருவா வச்சா அது புல்லுச் சண்டையா இருக்காது. காலம் சரியில்ல."

"எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். வாயை மூடிக்கிட்டு இருக்கதுக்கா சம்பளம் வாங்குதேன்னு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு."

"நீ கொட்டகைக்காரன்ட்ட பேசி வை. அறுத்தா ஏத்த வண்டி வேணும்."

"யாரு அறுக்கப் போறா?"

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவள் வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டினாள். செண்பகவல்லி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அறுக்கப் போறியாம்மா?"

"யாரு சொன்னா?"

"தீட்டுத சத்தம் தெரு முழுக்கக் கேக்கு. யாரும் தனியா வேற சொல்லணுமா?"

தங்கபுஷ்பம் தீட்டுகல்லில் தண்ணீர் தெளித்தாள்.

"பூ சிவப்பு விழுந்துச்சாமே. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"உன் மாமியா உத்திரத்துக்குப் பொங்கல் வைக்க வாரா. நீயும் கூட ஏறுவ. நாலு பக்கமும் காஞ்ச புல்லு, நடுவுல அடுப்பு. இந்த வயித்தை வச்சுக்கிட்டு நீ எப்படி ஓடுவ?"

"நான் ஏறல. வீட்டுலயே கிடக்கேன்."

"நீ கிடப்ப. ஏறுதவ பிள்ளைக?"

செண்பகவல்லி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"உனக்கு எப்பவும் மத்தவ பிள்ளைதான் முதல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அரிவாள் அதற்கு மேல் தீட்டத் தேவையில்லாமல் இருந்தது. அவள் தீட்டிக்கொண்டே இருந்தாள்.

விடியலில் ஏறினாள். எல்லையில் நின்று சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். கல்லின் முன்னால் போய் அரிவாளைக் கீழே வைத்தாள். வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"தப்புன்னா என்னைக் கேளு. எம்மவளைக் கேக்காத."

முதல் பிடியை அவசரமாகச் சேர்த்துப் பிடித்தாள். அவசரத்தில் புல்லின் விளிம்பு ஆள்காட்டி விரலைக் கீறி ரத்தம் துளிர்த்தது. தைலப்புல் எல்லோர் கையையும் கீறும், நடும்போதே கீறியிருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த ஒரு துளியைப் பார்த்து அவள் நின்றுவிட்டாள். காட்டில் எங்கோ ஒரு குயில் கத்தி ஓய்ந்தது. விரலை வாயில் வைத்து உறிஞ்சினாள். பிறகு குனிந்தாள். அரிவாள் கறுக்கென்று இறங்கியது. புல் சாய்ந்தது. வானம் அப்படியேதான் இருந்தது.

கல்லைச் சுற்றி ஒரு களம் அளவுக்கு அறுத்திருப்பாள். பால்வண்ணநாதன் பால் செம்போடு ஏறி வந்தார். பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, பூ சிவப்பு விழுந்துச்சே."

"விழுந்துச்சு அண்ணாச்சி. நானும் பாத்தேன்."

"பாத்துமா?"

"உத்திரத்துக்கு எத்தனை அடுப்பு எரியும்னு சொன்னீங்க?"

"அம்பது. அதுக்கு மேலயும் எரியும். அதுக்கும் இதுக்கும்..."

"எங்கன கூட்டுவாங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். இத்தனை நாளும் அவர் கண்ணுக்குக் கல் தெரிந்தது. வரப்போகும் கூட்டம் தெரிந்தது. இரண்டுக்கும் நடுவில் நின்ற புல் இப்போதுதான் தெரிந்தது போல.

"கொடைத் திருவிழாவுக்கு முன்னால கோயிலைச் சுத்திச் செதுக்கித்தானே வைப்போம்?" என்றாள் அவள். "நான் அறுவடை பண்ண வரல. இடத்தைச் சுத்தம் பண்ணுதேன்."

"எவ்வளவு தூரத்துக்குச் சுத்தம் பண்ணுவ?"

"நெருப்பு பறக்குத தூரத்துக்கு."

"செதுக்குன புல்லை?"

"சாமி இடத்துக் குப்பையை வீட்டுக்கா கொண்டுபோவாங்க? செங்கோட்டைக்குப் போகும்."

பால்வண்ணநாதனின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு வந்துவிடாமலிருக்க மீசையைத் தடவினார்.

"கெட்டிக்காரிதான். ஆனா ஒண்ணு. ஏதாவது ஆச்சுன்னா, நான் தடுத்தேன், இவ கேக்கலன்னுதான் ஊர்ல சொல்லுவேன்."

"சொல்லுங்க."

உத்திரம்வரை அறுத்தாள். விறகுக்கு வந்து பழகிய இரண்டு பேர் மட்டும் கூட வந்தார்கள். இருவருக்கும் வீட்டில் பிள்ளை இல்லை. மற்றவர்கள் அடிவாரத்தில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஆவுடையம்மாள் கஞ்சி கொண்டுவந்து எல்லைக்கு வெளியே வைத்தாள். உள்ளே வரவில்லை. யாக்கூப் அனுப்பிய வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. எவ்வளவு முயன்றும், மேல்சரிவில் மூன்றில் ஒரு பங்கு அறுக்கப்படாமல் நின்றது.

உத்திரத்தன்று பொத்தை திருவிழாக்கோலம் கொண்டது. அறுத்த தரையில் வரிசையாக அடுப்புகள். குலவைச் சத்தம். புகைக்கு நடுவே பால்வண்ணநாதன் பட்டுத்துண்டு கட்டிக்கொண்டு ஓடி ஓடி விபூதி கொடுத்தார். செண்பகவல்லி சொன்னபடி ஏறவில்லை. தங்கபுஷ்பம் பொங்கல் வைக்கவில்லை. நனைத்த சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு அடுப்புகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாள்.

"என்ன ஆச்சி, சாமிக்குச் சாக்கா சாத்தப் போறீங்க?" என்று வெளியூர் இளவட்டம் ஒருவன் கேட்டான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் கூட்டாளிகள்தான் மேல்சரிவுக்கு ஏறிப்போய் வெடி போட்டது.

முதலில் புகை தெரியவில்லை. சத்தம்தான் கேட்டது. பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போன்ற சத்தம். தங்கபுஷ்பம் அண்ணாந்து பார்த்தபோது மேல்சரிவு முழுக்க எரிந்துகொண்டிருந்தது. வெடி போட்டவர்கள் பாறை வழியாக உருண்டு புரண்டு இறங்கினார்கள். பெண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள்.

"ஓடாதீங்க. அறுத்த இடத்துல நில்லுங்க. கல்லுப் பக்கம் வாங்க," என்று அவள் கத்தினாள். தொண்டை கட்டும்வரை அதையே கத்தினாள்.

தீ ஆள் உயரத்துக்கு எழும்பி இறங்கி வந்தது. அறுத்த விளிம்புவரை வந்தது. அங்கே அறுத்து மிஞ்சிய அடிக்கட்டைகளை நக்கிப் பார்த்தது. அவளும் கூட அறுத்த இரண்டு பேரும் ஈரச் சாக்கால் அடித்தார்கள். யாரோ நாலைந்து ஆண்கள் பொங்கல் பானைத் தண்ணீரோடு ஓடி வந்தார்கள். புருவம் பொசுங்கும் சூட்டில் கொஞ்ச நேரம். அப்புறம் தீ தின்ன ஒன்றும் இல்லாமல் படுத்தது.

மேலே நட்ட கன்றுகள் கரிக்குச்சிகளாக நின்றன. கீழே உள்ளவை வாடியிருந்தன, கருகவில்லை. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை.

பால்வண்ணநாதன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். பட்டுத்துண்டு முழுக்கக் கரி.

"சாஸ்தா மூணுல ஒரு பங்கு எடுத்துக்கிட்டாரு. நிலத்துக்காரருக்கு அதுதானே வாரப்பங்கு."

பயம் தெளிந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இறங்கும்போதே பேச்சு இரண்டாகப் பிரிந்தது. அவள் அறுத்ததால் பிழைத்தோம் என்றார்கள் சிலர். அவள் அறுத்ததால்தான் எரிந்தது என்றார்கள் சிலர். இரண்டு கூட்டமும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனது: இரண்டு தரப்பாருமே தங்கபுஷ்பத்தின் வீட்டைக் கடக்கும்போது செண்பகவல்லியின் வயிற்றைப் பார்த்தார்கள்.

அந்தச் சித்திரை மாதத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெண்கள் வந்து வந்து விசாரித்தார்கள். "பிள்ளை துடிக்குதா?" "கால் வீக்கம் வத்திருச்சா?" ஒருத்தி மோர் கொண்டுவந்தாள், ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். மகள் தாயோடு அளவாகத்தான் பேசினாள். இரண்டு கோடை மழை பெய்தது. அறுத்த அடிக்கட்டைகளிலிருந்து புல் மறுபடி பச்சையாகத் தழைத்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வைகாசி பிறந்து சில நாளில் வலி கண்டது. தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். காலையில் போனவள், மதியம் தாண்டியும் பெறவில்லை. தலை இறங்கவில்லை என்றாள் நர்ஸ். தங்கபுஷ்பம் வராந்தாச் சுவரில் சாய்ந்து, ஆறிப்போன விரல் கீறலை நகத்தால் நெருடிக்கொண்டே இருந்தாள். 'என்னைக் கேளுன்னு சொன்னேனே. காதுல விழலையா? கல்லுக்குக் காது ஏது.' அப்படி நினைத்ததும் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உள்ளே மகள் அலறினாள். 'மத்தவ பிள்ளை' என்று அன்று சொன்ன குரலும் இதே குரல்தான்.

வெயில் தாழும்போது பிறந்தது. பெண். எடை குறைவுதான், அழுகை ஊரைக் கூட்டியது.

செண்பகவல்லி வாடிய முகத்தோடு அம்மாவைப் பார்த்தாள்.

"பாரு, விரலெல்லாம் சரியா இருக்கா?"

தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் விடியலில் அவளை எழுப்பியது பிள்ளையின் அழுகை அல்ல. தெருவில் அரிவாள் தீட்டுகிற சத்தம். ஒரு வீட்டில் இல்லை, வரிசையாக எல்லா வீட்டிலும். கதவைத் திறந்தாள். சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் கயிறும் சும்மாடுமாக நின்றார்கள். முன்னால் ஆவுடையம்மாள்.

"புல்லு நல்லா வளந்திருச்சு. வெயிலுக்கு முன்னால போவோம், வா."

தங்கபுஷ்பம் அவர்கள் முகங்களைப் பார்த்தாள். மோர் கொண்டுவந்தவள், கீரை கொண்டுவந்தவள், பிள்ளை துடிக்கிறதா என்று கேட்டவள். கல்லின் முன்னால் தன் கையைப் பிடித்துக்கொண்டு ஆவுடையம்மாள் சொன்ன 'புல்லை அதுக்குப் பிறகு பாத்துக்கிடலாம்' இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது.

"எம்மவ வயித்தை வச்சுல்லா பூக்கட்டிப் பாத்திருக்கீங்க," என்றாள்.

ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒருத்தி கயிற்றைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"என்னட்டி செய்யச் சொல்லுத?" என்றாள் ஆவுடையம்மாள், தணிந்த குரலில். "எங்களுக்கும் பிள்ளைக இருக்கே."

உள்ளேயிருந்து செண்பகவல்லி கூப்பிட்டாள்.

"அம்மா, எல்லாரும் நிக்காங்கல்லா. போயிட்டு வா. நான் பிள்ளையைப் பாத்துக்கிடுதேன்."

அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர்களோடு சேர்ந்து நடக்கவில்லை, முன்னால் நடந்தாள். பொத்தையின் இடுப்பில், மஞ்சணை காய்ந்து நின்ற கல்லின் முன்னால் நின்றாள். பெண்கள் எல்லைக்கு வெளியே தயங்கினார்கள். வழக்கம்போல அவள்தான் குனிவாள் என்று காத்திருந்தார்கள்.

தங்கபுஷ்பம் திரும்பி, அரிவாளின் பிடியை ஆவுடையம்மாள் பக்கம் நீட்டினாள்.

"முதல் பிடி நீ அறு."

ஆவுடையம்மாள் கல்லைப் பார்த்தாள். கீழே ஊரைப் பார்த்தாள். அங்கே அவளுடைய பிள்ளைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அரிவாளை வாங்கினாள். எல்லையைத் தாண்டிக் குனிந்து புல்லைச் சேர்த்துப் பிடித்தாள். அரிவாள் இறங்கவில்லை.

தங்கபுஷ்பம் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.